டிசபிலிட்டி பென்ஷன் கேஸ் ஜெயித்தாச்சு, பணம் எப்போது வரும்?

2024 பிப்ரவரி 11, இரவு

ராணுவத்தில் நாயக் பதவியில் ஓய்வுபெற்ற ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை பெஞ்சில் எனக்கு டிசபிலிட்டி பென்ஷன், அதாவது சர்வீஸால் வந்த நோய்க்கான பென்ஷன், ஆர்டர் ஆகிவிட்டது. பிபி (ரத்த அழுத்தம்), 30 சதவீத ஊனம், வாழ்நாளுக்கும். அதை 50 ஆக ரவுண்டிங் செய்து நான்கு மாதத்தில் கொடுக்க வேண்டும், தவறினால் 8 சதவீத வட்டி. வக்கீல் வாழ்த்து சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். இனி சும்மா இருந்தால் பணம் தானாக வந்துவிடுமா?"

வராது தம்பி. அப்படித் தானாக வந்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

முதலில் ஆர்டரின் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை படியுங்கள். நான்கு மாதம் எந்த நாளிலிருந்து? பெரும்பாலும் "நகல் கிடைத்த நாளிலிருந்து" என்றுதான் இருக்கும். நகல் கிடைக்க வேண்டியது எதிர்த்தரப்புக்கு. அரசு வக்கீல் அனுப்பியிருப்பார் என்று நம்பி உட்கார வேண்டாம். சான்றிட்ட நகல் ஒன்றை நீங்களே ரெக்கார்ட்ஸுக்கு (உங்கள் பணிப்பதிவு அலுவலகம்) பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். பின்னால் வட்டி கேட்கும்போது அந்த அட்டைதான் பேசும்.

அப்புறம் ஆர்டர் போகும் வழி. இதை ஏற்பதா, மேலே போவதா என்று ரெக்கார்ட்ஸ் சட்டக் கருத்துக் கேட்கும். கோப்பு டெல்லி வரை ஏறி இறங்கும். ஏற்பது என்று முடிவானால் அரசின் அனுமதிக் கடிதம் வரும். ரெக்கார்ட்ஸ் அதை பிரயாக்ராஜில் இருக்கும் பிசிடிஏ பென்ஷன் என்ற பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கே திருத்திய பிபிஓ (பென்ஷன் வழங்கும் ஆணை) போட்டால்தான் ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளம் வழியாகப் பணம். இதில் எந்தப் படியில் கோப்பு இருக்கிறது என்று தெரியாமல் "என் பணம் எங்கே" என்று எழுதினால், வருகிற பதில் "பரிசீலனையில் உள்ளது" என்பதுதான். படியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

2024 பிப்ரவரி 12

எனக்கும் பிபிதான், அதே 30 சதவீதம். பிபிக்குக் கேஸ் போட்டதில் பிபி கூடியது உண்மை. அதற்குத் தனி சதவீதம் கேட்க முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

2024 பிப்ரவரி 18

எவ்வளவு வரும் என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். பணிக்காலம் முடித்து சர்வீஸ் பென்ஷன் வாங்குபவர்களுக்கு அதன்மேல் டிசபிலிட்டி எலிமென்ட் என்ற கூடுதல் தொகை சேரும். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். அதற்குக் கீழே விகிதப்படி குறையும். ரவுண்டிங் என்பது 2001 ஜனவரி 31 தேதியிட்ட அரசுக் கடிதத்திலிருந்து வருவது: 50-க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. மருத்துவக் காரணத்தால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு பல வருஷம் வாதாடியது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு.

கணக்குக்காகச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வையுங்கள். 100 சதவீதத்துக்கு 12,000. நம்ம 30-க்கு 3,600. ரவுண்டிங் செய்து 50 ஆனால் 6,000. இந்த 2024 பிப்ரவரியில் அகவிலை நிவாரணம் 46 சதவீதம், அதையும் சேர்த்தால் 8,760. ரவுண்டிங் இல்லாமல் போட்டால் 5,256. மாதம் 3,504 ரூபாய் வித்தியாசம், ஆயுள் முழுவதும். அதனால்தான் திருத்திய பிபிஓ வந்ததும் தொகையை விட்டுவிட்டு முதலில் சதவீதத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

ஒன்றுக்கு மேல் நோய் இருந்தால் நேராகக் கூட்டக் கூடாது. 40-ம் 30-ம் சேர்ந்தால் 70 இல்லை. முதலில் 40. மிச்சம் இருக்கும் 60-ல் 30 சதவீதம் 18. ஆக 58. ரவுண்டிங்கில் 75.

2024 பிப்ரவரி 20

"மூன்று வருஷ அரியர்ஸ்தான் கொடுப்பார்கள், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். பாதிதான் சரி. 2008-ல் வந்த தர்செம் சிங் தீர்ப்பின்படி தாமதமாக வந்தவருக்கு மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷம். ஆர்டர் வந்த நாளுக்கு முந்தைய மூன்று வருஷம் இல்லை. 2010-ல் ரிட்டயர் ஆகி, 2019 ஜூனில் மனு போட்டு, 2023-ல் ஜெயித்தவருக்கு 2016 ஜூனிலிருந்து கணக்கு ஓடும். கேஸ் நடந்த காலம் முழுக்க உங்களுடையது. ஆர்டரில் வேறு தேதி எழுதியிருந்தால் அந்தத் தேதிதான்.

2024 மார்ச் 3

இன்றைக்கு உறுதிமொழிக் கடிதம் பற்றி. நாயக் தம்பிக்கும் வந்திருக்கிறதாம்.

அரசு மேல்முறையீடு பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கெடு தாண்டிவிடக் கூடாது என்று நிபந்தனையோடு அனுமதி கொடுப்பது உண்டு. "மேல்முறையீட்டின் முடிவுக்கு உட்பட்டது" என்று அதில் ஒரு வரி இருக்கும். அதற்கு முன் உங்களிடம் ஒரு உறுதிமொழி கேட்பார்கள்: முடிவு அரசுக்குச் சாதகமானால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று.

எனக்கு அந்தக் கடிதம் வந்தபோது வீட்டில் பெரிய விவாதம். கையெழுத்துப் போடாதீர்கள், ஜெயித்த பிறகு எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள் மனைவி. போடாவிட்டால் கோப்பு அங்கேயே தூங்கும் என்றார் வக்கீல். போட்டேன். பணம் வந்ததும் பெரும்பகுதியைத் தொடாமல் வங்கியில் போட்டு வைத்தேன். அந்த நாட்களில் அது என் பணம் மாதிரியே இல்லை, யாரோ கொடுத்து வைத்த பணம் மாதிரி இருந்தது. மகள் படிப்புக்கு எடுக்கக்கூடக் கை வரவில்லை. இப்போது யோசித்தால் அவ்வளவு பயந்திருக்க வேண்டாமோ என்று படுகிறது. ஆனால் இன்னொருவருக்குச் சொல்லும்போது "செலவு செய்யுங்கள்" என்று வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது. கூடுதலாக வாங்கிய பணத்தைக் கீழ்நிலை ஊழியரிடமிருந்தும் ஓய்வுபெற்றவரிடமிருந்தும் பிடிக்கக் கூடாது என்று 2014-ல் ரஃபீக் மசீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில், திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்றும் சொன்னது. ஜக்தேவ் சிங் நீதித்துறை அதிகாரி, நாம் ஜவான், அந்த வேறுபாட்டை வாதாடலாம். வாதாடத்தான் திரும்பவும் வக்கீல் வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அதில் வட்டியை விட்டுக்கொடுக்கிறேன் என்ற வாசகம் எங்காவது நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

2024 மார்ச் 9

நிவாரணம் ஜனவரியிலிருந்து 50 சதவீதம் ஆகிவிட்டது. மேலே போட்ட 8,760 இனி 9,000.

2024 ஏப்ரல் 6

"மேல்முறையீடு போட்டிருக்கிறார்கள், அதனால் நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்று ஒரு ஹவில்தாருக்குப் பதில் வந்திருக்கிறது. மேல்முறையீடு வேறு, தடை உத்தரவு வேறு. தடை இல்லாதவரை ஆர்டர் உயிரோடுதான் இருக்கிறது. தடை உத்தரவின் நகலைக் கொடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள்.

மேலே போகும் வழியும் மாறியிருக்கிறது. தீர்ப்பாயச் சட்டம் 2007-ன்படி அரசு 30 நாளுக்குள் தீர்ப்பாயத்திடமே அனுமதி கேட்க வேண்டும், பொது முக்கியத்துவம் உள்ள சட்டப் பிரச்சினை இருந்தால்தான் அனுமதி. மறுத்தால் உச்ச நீதிமன்றம். 2015-ல் ஸ்ரீகாந்த் சர்மா தீர்ப்பு வந்த பிறகு உயர் நீதிமன்றங்கள் இந்தப் பக்கம் வருவது கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் தீர்ப்பு அந்தக் கதவைத் திரும்பத் திறந்துவிட்டது. தோற்ற ஜவானுக்கு அது நல்ல செய்தி, டெல்லிக்கு ஓடத் தேவையில்லை. ஜெயித்த ஜவானுக்கோ தலைவலி. அதே கதவு வழியாக அரசும் ரிட் மனுவோடு வருகிறது. ஆகவே ஆர்டர் ஆனதும் உயர் நீதிமன்றத்தில் கேவியட் போட்டு வைக்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். 90 நாள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். உங்களைக் கேட்காமல் தடை வாங்குவதைத் தடுக்க இது உதவும்.

2024 ஏப்ரல் 7

இத்தனை தீர்ப்பின் பெயரும் எப்படி ஞாபகம் என்று ஒருவர் கேட்கிறார். ஓய்வுக்குப் பிறகு ஒரு செக்யூரிட்டி வேலை. இரவு டியூட்டி. வேறென்ன செய்வது.

2024 மே 19

கசப்பான விஷயம். அரியர்ஸில் இத்தனை சதவீதம் என்று பேசிக் கேஸ் எடுக்கிறார்கள். முன்பணம் கேட்காததால் நமக்கும் வசதியாகத் தோன்றுகிறது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைப்பதில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிப்படி கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு குன்னர், வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பணம் வந்த வாரமே அதில் கணிசமான பகுதியை இழந்தார். நடுவில் இருந்தது வக்கீல்கூட இல்லை, "நான் பார்த்துத் தருகிறேன்" என்று சொன்ன ஒரு முன்னாள் கிளார்க். கூலியைக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு, என் வக்கீலுக்கு நான் சந்தோஷமாகக் கொடுத்தேன். தொகையை முதலில் பேசி, ரசீது வாங்கிக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். காசோலைப் புத்தகத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டாம்.

2024 ஜூன் 15

கெடு தாண்டிவிட்டது, என்ன செய்வது என்று நாயக் தம்பி.

ரெக்கார்ட்ஸுக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம். பதில் இல்லையென்றால் தீர்ப்பாயச் சட்டத்தின் 29-ஆம் பிரிவைக் காட்டி அதே பெஞ்சில் நிறைவேற்று மனு. கேஸை முதலிலிருந்து வாதாட வேண்டாம். ஆர்டர், ஒப்புகை அட்டை, நினைவூட்டு, இவ்வளவுதான். நோட்டீஸ் போனதுமே கோப்பு நகர ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். அரசு வக்கீல் எழுந்து "அனுமதிக்கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறது, அவகாசம் வேண்டும்" என்பார். கொடுப்பார்கள். அடுத்த வாய்தாவிலும் கேட்பார். அப்போதும் கொடுப்பார்கள். கோபப்படாதீர்கள், நமக்கு பிபி.

என் விஷயத்தில் அசல் வந்தது, வட்டி வரவில்லை. கேட்டதற்கு "கெடுவுக்குள்ளேயே அனுமதி கொடுத்துவிட்டோம்" என்றார்கள். அனுமதிக் கடிதத்தில் இருந்த தேதி கெடுவுக்குள்தான் இருந்தது. பணம் வந்த தேதி இல்லை. ஆர்டரில் இருந்தது "பணம் கொடுக்க வேண்டும்" என்ற வாசகம், "அனுமதிக்க வேண்டும்" என்று இல்லை. அந்த ஒரு வரியை அடிக்கோடிட்டு நிறைவேற்று மனுவில் வைத்தோம். வட்டி வந்தது. பெரிய தொகை இல்லை. வக்கீல் கட்டணம் போக ஒரு ஃபேன் வாங்கும் அளவு மிஞ்சியது. ஆனாலும் திரும்பச் செய்வேன்.

2024 ஜூலை 21

சிக்னல்ஸ் தம்பி ஒருவரின் பிரச்சினை வேறு. ஓய்வின்போது நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டில் முதுகுவலிக்கு 20 சதவீதம், இரண்டு வருஷத்துக்கு என்று எழுதியிருக்கிறார்கள். கேஸ் ஜெயித்துவிட்டார். அந்த இரண்டு வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது. அந்தக் காலத்துக்கு அரியர்ஸ் கொடுத்துவிட்டு, மீதிக்கு, ஊனத்தை மறுபடி மதிப்பிடும் ரீ சர்வே மெடிக்கல் போர்டுக்கு வாருங்கள் என்று மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தம்பி, இது அடுத்த பரீட்சை. போகாமல் இருந்தால் மீதிக்காலம் தொங்கும். போகும்போது பழைய போர்டின் ஏஎஃப்எம்எஸ்எஃப் 16 படிவத்தின் நகல், இடையில் வெளியே பார்த்த சிகிச்சைச் சீட்டுகள், ஸ்கேன், எல்லாம் தேதி வாரியாக. "இப்போது எப்படி இருக்கிறது" என்று டாக்டர் கேட்டால் நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் "டீக் ஹை சாப்" (நல்லா இருக்கேன் சார்) என்று சொல்லிவிடுவார்கள். சர்வீஸில் அது வீரம், இங்கே அது சதவீதம். குனிய முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள், முடிந்தால் முடியும் என்று சொல்லுங்கள். கூட்டிச் சொல்லவும் வேண்டாம்.

20-க்குக் கீழே இறங்கிவிட்டால்? பணிக்காலம் முடித்து வந்தவருக்கு அது நல்லதில்லை. 20 சதவீதம் இல்லையென்றால் எலிமென்ட்டே கிடையாது, ரவுண்டிங் என்ற பேச்சும் வராது என்று 2019 டிசம்பரில் விங் கமாண்டர் ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போர்டு முடிவு சரியில்லையென்று பட்டால் அதற்கு எதிராகத் தனி அப்பீல் உண்டு.

2024 ஆகஸ்ட் 25

ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கணவர் சுபேதார். கேஸ் நடக்கும்போதே இறந்துவிட்டார். வாரிசாக இவர் சேர்ந்து நடத்தி ஜெயித்திருக்கிறார். "இனி மாதாமாதம் அந்தப் பணம் எனக்கு வருமா?"

அம்மா, வராது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. டிசபிலிட்டி எலிமென்ட் அவர் ஆயுளோடு நின்றுவிடும். அவர் இறந்த நாள் வரைக்குமான அரியர்ஸ் முழுவதும் குடும்பத்துக்கு உரியது. அதை வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், ஆர்டர் நகலோடு கேளுங்கள். நாமினேஷன் இருந்தால் வேலை சுலபம். உங்கள் குடும்பப் பென்ஷன் தனியாக ஓடும், இதனால் அது குறையாது.

ஆனால் ஒன்று பாருங்கள். எந்த நோய் சர்வீஸால் வந்தது என்று தீர்ப்பாயம் ஏற்றதோ, அதே நோயால் அவர் இறந்திருந்தால் ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன் கேட்க இடம் இருக்கிறது. சாதாரண குடும்பப் பென்ஷனைவிட அது அதிகம். ஆஸ்பத்திரியின் இறப்புச் சுருக்கத்தில் காரணம் என்ன எழுதியிருக்கிறது? பிபி இருந்து பக்கவாதத்தில் போனார் என்றால் அந்தச் சங்கிலியை டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கேஸ் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். இந்த அம்மா பழைய மெடிக்கல் போர்டு காகிதத்தைத் தேடி, கிடைக்காமல், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார்.

2024 செப்டம்பர் 8

"நல்லாத்தானே நடக்கிறீர்கள், எதற்கு ஊனப் பென்ஷன்?" இது என் மச்சான் கேட்டது. அரியர்ஸ் வந்த செய்தி அவருக்கு எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. அதே மாதத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஒரு நிலத் தரகர், சித்தப்பா முறை சொல்லிக்கொண்டு ஒருவர். அதுவரை கவுன்டருக்கு வெளியே நின்று பேசிய வங்கியில் நாற்காலி போட்டார்கள்.

மச்சானுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கே அந்தக் கேள்வி இருந்தது. காலை இழந்து வந்தவனை நான் தூக்கியிருக்கிறேன். மாத்திரை போட்டுக்கொண்டு நடமாடும் நான் அதே பெயரில் பணம் வாங்கலாமா? பிறகு தர்மவீர் சிங் தீர்ப்பை, 2013-ல் வந்தது, முழுதாகப் படித்தேன். அது அரசைப் பார்த்துச் சொல்வது இதுதான்: சேரும்போது ஒரு குறையும் இல்லை என்று எழுதிச் சேர்த்தது நீங்கள். போகும்போது நோயோடு போகிறான் என்றால், அது சர்வீஸால் வரவில்லை என்று நிரூபிக்க வேண்டியதும் நீங்கள். அதைப் படித்த பிறகு கூச்சம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கட்டும்.

2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்துவிட்டன, பெயர்கூட மாறி சிலருக்கு "இம்பேர்மென்ட் ரிலீஃப்" ஆகியிருக்கிறது. அந்தத் தேதிக்குப் பின் வெளியே வந்தவர்கள் இந்தப் பக்கத்தில் நான் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2024 அக்டோபர் 20

நாயக் தம்பிக்குத் திருத்திய பிபிஓ வந்துவிட்டது. வாழ்த்துகள். கொடுக்க வேண்டியது, கொடுத்தது இரண்டையும் காட்டும் டியூ டிரான் ஸ்டேட்மென்ட்டை அனுப்பியிருந்தார், உட்கார்ந்து பார்த்தோம். சதவீதம் சரி. 2016-க்கு முந்தைய மாதங்களுக்குப் பழைய சம்பளமும் அந்தந்த ஆறு மாதத்து நிவாரணமும், 2016 ஜனவரியிலிருந்து ஏழாவது ஊதியக் குழுப்படி 2.57 ஆல் பெருக்கியது, அதுவும் சரி. அதற்குப் பிறகு இரண்டு இடத்தில் நிவாரணம் ஏறாமல் பழைய விகிதமே நின்றிருக்கிறது. வட்டி இல்லை. நிவாரணத்துக்கு ஸ்பர்ஷில் குறைதீர் கோரிக்கை, வட்டிக்கு நிறைவேற்று மனு. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் ஒன்றுக்குத்தான் பதில் வரும்.

இந்த மாதம் நிவாரணம் 53 ஆனது, ஜூலையிலிருந்து. 6,000-க்கு 9,180.

2024 அக்டோபர் 27

வரி. மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவருக்கு டிசபிலிட்டி பென்ஷன் முழுவதும் வரிவிலக்கு என்பதில் சண்டை இல்லை. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்குக் கிடையாது என்று 2019 ஜூன் 24 அன்று வரி வாரியம் சுற்றறிக்கை விட்டது, அது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நீங்கள் இரண்டாவது ரகம் என்றால் மொத்தமாக வந்த அரியர்ஸில் வரிப் பிடித்தம் நடந்திருக்கிறதா என்று வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையில் பாருங்கள். பல வருஷப் பணம் ஒரே வருஷத்தில் வந்து வரி ஏறிவிட்டால் 1961 வருமான வரிச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் நிவாரணம் உண்டு. படிவம் 10இ-யை ரிட்டர்னுக்கு முன்னால் போட வேண்டும், பின்னால் போட்டால் நோட்டீஸ் வரும்.

2024 நவம்பர் 3

அவசரம். "உங்கள் தீர்ப்பாய அரியர்ஸ் தயார், ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று இரண்டு பேருக்குப் போன் வந்திருக்கிறது. ஒருவரிடம் பிபிஓ எண்ணைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். அரியர்ஸ் போட ஓடிபி தேவையில்லை. ஆர்டர் நகலை வாட்ஸ்அப் குழுக்களில் போடுபவர்கள் முதல் பக்கத்தில் இருக்கும் பெயரையும் படை எண்ணையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். லைஃப் சர்ட்டிபிகேட்டுக்கு இந்த மாதம் என்றிருப்பவர்கள் மறந்துவிட வேண்டாம், அது விட்டுப்போனால் ஜெயித்தது, பழையது இரண்டும் சேர்ந்தே நிற்கும்.